குப்பைப் பெட்டிக்குத் தளம் போட்டவர்

அவருடைய ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கியபோது, முன்பக்கம் தோள் கொடுத்த ஒருவர் "நானா இப்பவும் கனக்கிறாரே" என்று வாய்க்குள் சொன்னார். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிக்க முடியாததால் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

நானா, அண்ணன், என்றுதான் ஊரெல்லாம் அவரைக் கூப்பிடும். மெலிந்த ஆள். கடைசிக் காலத்தில் நோயில் கிடந்து இன்னும் வற்றிப்போயிருந்தார். கனத்தது அவரல்ல, பிரேதத்தை வைத்துச் சுமக்கிற சந்தூக்கு. பள்ளிவாசலில் இருந்த பழைய மரச் சந்தூக்கின் கால் ஆடுகிறது என்று எவரோ சொன்னதைக் கேட்டு, ஒருவரும் கேட்காமலே இரும்பில் ஒன்று செய்து கொண்டுபோய் வைத்தவர் அவர். அது வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்து ஜனாஸாக்களுக்குத் தோள் மாற்ற ஆட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டார்கள். நான் உடப்பு ஊர்க்காரன், சைவ சமயம். என்றாலும் எனக்கும் கொஞ்சத் தூரம் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். அதன் இரும்புக் குழாய் தோளில் அழுந்தியது. அடியில் எத்தனை குறுக்குக் கம்பி போட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

முந்தலுக்கு வடக்கே, புத்தளம் போகிற பெரிய ரோட்டோரம் அவருடைய வெல்டிங் கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் தென்னங்காணி, அதைத் தாண்டினால் இறால் பண்ணைகள், பிறகு உப்புத் தண்ணீர்க் களப்பு. நான் பிரதேச சபையில் டிரக்டர் சாரதி. ஊர்க் குப்பையை ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. டிரக்டருக்குப் பின்னால் இழுக்கிற ட்ரெயிலரை நாங்கள் பெட்டி என்போம். நெல்லோ செங்கல்லோ ஏற்றுகிற பெட்டிக்குக் கேடு இல்லை. அவை காய்ந்த சாமான். குப்பை அப்படியில்லை. மீன் செதிலும் இறால் தோலும் அழுகின மரக்கறியும் சேர்ந்து வடிக்கிற தண்ணீர் இரும்பைத் தின்னும். மேலே அந்தத் தண்ணீர், கீழே உப்புக் காற்று, நடுவில் ஒரு தகடு. அந்தத் தகட்டின் மேல் ஏறி நின்றுதான் எங்கள் தொழிலாளிகள் குப்பையை மிதித்து இறுக்குவார்கள். பெட்டி நிறைந்த பிறகு குப்பையின் மேலேயே உட்கார்ந்து வருவார்கள். அப்படி வரக்கூடாதுதான். அவர்களை ஏற்றிவர வேறு வாகனம் சபையிடம் இல்லை.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், என்ன உடைந்தது என்று நானா கேட்கமாட்டார்.

"இதுல ஆரு ஏறி நிக்கிற?" என்பதுதான் முதல் கேள்வி.

"மரியதாஸ்தான் நானா."

"அவரக் கூப்பிடுங்க."

மரியதாஸ் கற்பிட்டிப் பக்கத்து மீனவக் குடும்பம். கடல் சரிவராமல் சபைக்கு வந்தவர். வயிறு பெருத்த, எதற்கும் சிரிக்கிற மனிதர். அவரை நிற்க வைத்து, தையற்காரர் அளவெடுக்கிற மாதிரி உச்சியிலிருந்து பாதம் வரை நானா பார்ப்பார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தின் அகலத்தையும் பார்ப்பார். பிறகு பெட்டிக்கு அடியில் ஊர்ந்து போய்விடுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து சுத்தியல் தட்டுகிற சத்தம் வரும். வெளியே வரும்போது அநேகமாக ஒரே முடிவுதான்.

"இன்னொரு தகடு போடுவம்."

பழைய தகட்டை வெட்டி எறியமாட்டார். அது கிடக்கட்டும், அதுவும் கொஞ்சம் தாங்கும் என்று சொல்லி அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்துச் சுற்றிவர வெல்டிங் பிடித்து ஒட்டுவார். அடுத்த முறை அதற்கு மேல் இன்னொன்று. குறுக்குச் சட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னும் குறுக்குச் சட்டங்கள். அவர் கையால் திருத்தின பெட்டி சபைக்குத் திரும்பிவரும்போது, வெறும் பெட்டியை இழுக்கவே டிரக்டர் முக்கும்.

"நானா, குப்பை ஏத்த முந்தியே கனக்குது" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"கனக்கட்டும். இரும்பு சொல்லாது தம்பி. ஆள் விழுந்த பிறகுதான் சொல்லும்."

இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. வயிற்றுவலிக்காரர் தன் வலியைச் சொல்வதுபோல் சொல்வார்.

பெட்டிகளோடு நின்றிருந்தால் தொழில் வழக்கம் என்று விட்டிருப்பேன். மனிதர் கால் வைக்கிற எந்த இடத்தையும் அவர் நம்பமாட்டார். பஸ்ஸில் ஏறினால் சீட்டில் உட்கார முன் தரையைக் குதிகாலால் இரண்டு தரம் உதைத்துப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் இடம் மாறுவார். ஒருமுறை நானும் அவரும் சிலாபத்துக்கு ஒன்றாகப் போனோம். இரும்புக் கடைக்கு. அவர் உதைத்த உதையில் பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கொண்டக்டர் நடந்து வந்து, "நானா, டிக்கட் எடுக்கிறதா, பஸ்ஸை வாங்குறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நானா மிக அக்கறையாக, "மகன், பின் டயருக்கு மேல தகடு போன மாதிரி இருக்குது, டிப்போவுல சொல்லுங்க" என்று பதில் சொன்னார். கொண்டக்டர் அந்த இடத்தில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சிலாபம் வரும்வரை அந்த இடத்தைச் சுற்றியே நடந்தார்.

கலியாண வீடுகளில் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரமாட்டார். தனக்காகப் பயந்தென்று நினைக்கக்கூடாது. பாரமான ஒருவர் கதிரையைத் தேடி வந்தால், இவர் தன் பக்கத்திலுள்ள கதிரைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து ஒன்றை நகர்த்திக் கொடுப்பார். தான் மட்டும் சாப்பாடு முடியும்வரை நின்றுகொண்டிருப்பார். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் உட்கார அவர் செய்துகொடுத்த இரும்பு வாங்கை, ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் பெயர்க்கப் பார்த்துவிட்டுக் களைத்துப்போய், கடைசியில் வாங்கை இருந்த இடத்திலேயே விட்டு அதைச் சுற்றிக் கொங்கிறீட் போட்டார்கள். இன்றைக்கும் அதில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் சிரித்தோம். உண்மையைச் சொன்னால் அவருடைய பெட்டிகளில் ஏறி நிற்பதற்கு எங்களுக்குப் பயமே இருக்கவில்லை.

சபைக்குப் புதிதாக ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண் பிள்ளை, ஸ்கூட்டியில் வருவார், எல்லாரும் மிஸ் என்போம். வந்த புதிதில் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நானாவின் கடைக்குப் போய், பெட்டி இவ்வளவு பாரமாக இருக்கக்கூடாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். நானாவுக்குப் பிடிக்கவில்லை.

"மிஸ், பாரத்தால ஒருத்தரும் சாகல்ல. தளம் போனாத்தான் சாகுற."

மிஸ் மேலும் வாதாடவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருவருக்கும் ஒத்துவராது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் பெரிய ரோட்டில் அது நடந்தது. காலை நேரம், சந்தைக் குப்பை நிறைந்த பெட்டி. பாலாவிப் பக்கமிருந்து வந்த சீமெந்து லொறி ஒன்று முன்னால் சடுதியாக வேகத்தைக் குறைத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் ஒரு வெடிச் சத்தம். பெட்டியை டிரக்டரோடு பிடித்து வைக்கிற முன் சட்டம் கழுத்தில் முறிந்து, பெட்டியின் முகம் நிலத்தில் குத்தி, தாரைக் கிழித்துக்கொண்டு ரோட்டோர வாய்க்காலுக்குள் போய் நின்றது. குப்பையின் மேல் இருந்த மரியதாஸ் முன்னால் உருண்டு, குப்பையோடு குப்பையாகச் சரிந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை. முழங்கையும் கன்னமும் உரசிப்போயின, அவ்வளவுதான். தலைமயிர் முழுக்க மீன் செதிலோடு எழும்பி நின்று, "வாகனம் நிண்டுட்டுதா?" என்று கேட்டார்.

ஆரோ சொல்லி நானா சைக்கிளில் வந்து சேர்ந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, ரோட்டில் விட்டுவிட்டார். பெட்டியைப் பார்க்கவே இல்லை.

"மேல ஆரு இருந்த?"

"நான்தான் நானா. ஒண்டுமில்ல."

நானா அவருடைய தோள் இரண்டையும் பிடித்து அமுக்கினார். கைகளை நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு அந்த ரோட்டிலேயே குந்தி, முழங்காலையும் கணுக்காலையும் தடவினார். லொறிக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். மரியதாஸுக்கு வெட்கமாகிவிட்டது. "விடுங்க நானா, மணக்குது" என்றார். நானா கணுக்காலை விடவில்லை.

பெட்டியை வேறு டிரக்டர் கொண்டு தூக்கி இழுத்துக் கடைக்குக் கொண்டுவந்தோம். மிஸ்ஸும் வந்தார். முறிந்த இடத்தைப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார், எழும்பினார்.

"நானா, தளத்தை வெட்டிப் பார்ப்பமா?"

"தளம் நல்லா இருக்குது மிஸ். உடைஞ்சது முன் சட்டம்."

"தளத்திர பாரம்தான் நானா முன் சட்டத்த உடைச்சது. அது மட்டுமில்ல. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குப் பார்க்க வேணும்."

நானா விருப்பமில்லாமல்தான் வெட்டினார். மேல் தகட்டில் ஒரு சதுரம் வெட்டி, கம்பியால் நெம்பித் திறந்தார். நாற்றம் முதலில் வந்தது. பிறகு கறுப்புத் தண்ணீர். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடாக வைத்துச் சுற்றிவர ஒட்டினபோது இடையில் வெளி இருந்திருக்கிறது. ஒட்டின இடத்தில் ஊசி போகிற துவாரம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அதற்குள்ளால் குப்பைத் தண்ணீர் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று தின்றிருக்கிறது. நானா கீழ்த் தகட்டில் கையை வைத்தார். பொரித்த அப்பளம் போல அது உடைந்து கையோடு வந்தது. அதைத் தாங்கிய குறுக்குச் சட்டங்களின் முதுகும் அரைவாசி இல்லை. மேலே பார்த்தால் பளபளவென்று உறுதியான தளம். அந்த ஒற்றை மேல் தகடு மட்டும்தான் இத்தனை நாளும் மரியதாஸைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இரும்பு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவிடாமல் அவர்தான் மூடி ஒட்டியிருந்தார்.

நானா கையிலிருந்த துருத் துண்டை நெரித்தார். தூளாகக் கொட்டியது. அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். மிஸ் ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக, "நல்ல எண்ணத்திலதான் போட்டிருக்கிறீங்க நானா. தண்ணிக்கு அது தெரியாது" என்றார். குத்திக்காட்டுகிற குரல் அல்ல அது.

அதற்குப் பிறகு கடை திறக்கவில்லை. சபையிலிருந்து ஆள் அனுப்பினார்கள், அவர் வெளியே வரவில்லை. ஒரு பின்னேரம் நான் போனேன். நானா தென்னங்காணியில் எங்கோ நிற்கிறார் என்று ராத்தா, அவருடைய மனைவி, சொல்லிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டுப் பால் இல்லாத பிளேன்ரீ தந்தார். ராத்தாவுக்கு இடது கால் பாதம் இல்லை. கணுக்காலோடு முடிகிற காலுக்கு ஒரு மரக்கட்டைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடிக்காமலே விறுவிறுவென்று நடப்பார். எங்களுக்கு அதைப் பார்த்துப் பழகிவிட்டது. என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவரே சொன்னார்.

இளவயதில் ராத்தா பாலாவி உப்பளத்தில் வேலை செய்திருக்கிறார். நானா அப்போதுதான் தொழில் பழகி முடித்தவர். அவர் தனியாகச் செய்த முதலாவது பெட்டி, ஒரு லேண்ட்மாஸ்டருக்கு, கைபிடித்து ஓட்டுகிற சின்ன டிரக்டருக்கு. உப்பு மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பெட்டியில்தான் வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள். ஒருநாள், பாட்டும் கதையுமாக வந்துகொண்டிருந்தபோது தளம் திறந்தது. மற்றவர்கள் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் நின்றவர் ராத்தா. கீழே ஓடிய சில்லுக்குள் கால் போனது.

"செஞ்ச பாவத்துக்குத்தான் என்னயக் கட்டினதெண்டு ஊர்ல சொல்லுற" என்றார் ராத்தா. "அவருக்கும் உள்ளுக்கு அந்த நினைப்புத்தான். நான் எத்தினையோ தரம் சொல்லிட்டன், அப்பிடி இல்லையெண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் வந்த. வந்து ஒண்டும் கதைக்க மாட்டார். என்ட கட்டில ஆட்டி ஆட்டிப் பார்ப்பார், உடையுமோ எண்டு. பக்கத்துக் கட்டில்காரிட கட்டிலையும் ஆட்டுவார். எனக்குச் சிரிப்பு வரும். அவ்வளவு நோவுக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்தது அதுக்குத்தான். அந்தச் சிரிப்புலதான் நான் ஓம் எண்டு சொன்ன."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. நான் குடிக்க மறந்துவிட்டேன்.

"இத்தினை வருசத்துல அவரு செஞ்ச ஒரு பெட்டியிலயும் என்னய ஏத்தினதில்ல. கலியாணத்துக்கு எல்லாரும் பெட்டியில போவாங்க, எனக்கு மட்டும் ஆட்டோ." கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார். "எனக்கு ஒரு பாதம்தான் போன தம்பி. அவருக்கு நிக்கிற நிலமே போன."

மிஸ் விடவில்லை. இன்னொரு நாள் தான் வரைந்த ஒரு படத்தோடு வந்தார். புதுப் பெட்டி. ஒரே ஒரு தகடு, அதுவும் அவர் வழக்கமாகப் போடுவதைவிட மெல்லியது. பலம் தகட்டில் இல்லை, அடியில் ஓடுகிற குறுக்குச் சட்டங்களில்தான் என்று மிஸ் சொன்னார். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி தேவையில்லை. மரியதாஸ் மிதிக்கிற நடுவிலும், குப்பை வந்து விழுகிற பின்பக்கத்திலும் நெருக்கம், முன்னால் விலகல். தளம் பின்னால் கொஞ்சம் சரிந்து, கடைசியில் தண்ணீர் ஓட ஒரு வெளி. எந்த மூலையிலும் தண்ணீர் தங்குகிற பை இருக்கக்கூடாது. அடியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

நானா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு தகடா, மிஸ்?"

"ஒரு தகடு."

"குறுக்கால ஒண்டே ஒண்டு கூடப் போடவா?"

"ஒவ்வொரு முறையும் ஒண்டே ஒண்டுதானே நானா போட்டீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடையைத் திறந்தார்.

வேலை முடிந்த அன்று பாரம் வைத்துப் பார்த்தோம். பெட்டிக்கு அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மிஸ் ஒரு நூலை இறுக்கிக் கட்டினார். தளத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை ஒரு தென்னை ஈர்க்கை முறித்து அளந்துகொண்டார். பிறகு நானும் மரியதாஸும் சீமெந்துக் கற்களை அடுக்கினோம். கல் ஏற ஏற நானா அடியில் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். குப்பை நிறைந்தால் வருகிற பாரத்தைவிடக் கூட ஏற்றச் சொன்னார் மிஸ். உள்ளேயிருந்து நானாவின் குரல் வந்தது.

"வளையுது. இறக்குங்க. மிஸ், வளையுது."

"வளையட்டும் நானா."

"வளையிறது நல்லதில்ல."

"கல்லை இறக்கின பிறகு பாருங்க. அதே இடத்துக்குத் திரும்பி வருதா எண்டு பாருங்க."

கற்களை இறக்கினோம். நானா ஈர்க்கைக் கேட்டு வாங்கினார். நடுவில் வைத்துப் பார்த்தார், ஓரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு, "திரும்பவும் ஏத்துங்க" என்றார். திரும்பவும் ஏற்றினோம், இறக்கினோம். குனிந்து நிமிர்ந்து மரியதாஸுக்கு நாரி முறிந்துவிட்டது. இன்னொரு முறை என்றார் நானா. வளைந்த தளம் ஒவ்வொரு முறையும் ஈர்க்கின் அளவுக்குத் திரும்பி வந்தது. கடைசியில் மிஸ்தான் போதும் என்று தடுத்தார். அன்றைக்கு நானாவின் முகத்தில் இருந்தது சந்தோசம் என்று சொல்லமுடியாது. தன்னை விட்டுப் போய்க் கனகாலமான ஆளை ரோட்டில் கண்டு, அவர்தானா என்று யோசிக்கிற முகம் அது.

பெட்டி சபைக்கு வந்தது. டிரக்டருக்கு மூச்சு வந்தது. பல முறை போகவேண்டியிருந்த ரோட்டுகளை ஒரே ஓட்டத்தில் முடித்தோம். நானாவோ ஒவ்வொரு கிழமையும் சபைக்கு வந்து, ஒருவரிடமும் கதைக்காமல் பெட்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த வருசக் கடைசி மழை நிற்கவில்லை. உள்நாட்டில் குளங்கள் நிறைந்து வழிந்து வான் பாய்ந்தன. களப்பும் பெருகியதால் தண்ணீர் வடிந்துபோக இடமில்லாமல் ஊருக்குள் ஏறியது. தாழ்ந்த காணிகளில் இருந்தவர்களை ரோட்டுக்கு அப்பாலுள்ள பாடசாலைக்கு ஏற்றும்படி சபை எங்களுக்குச் சொன்னது. ஆட்களை மீட்க வருகிற போட்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. எங்களிடம் இருந்தது டிரக்டரும் குப்பைப் பெட்டியும். மரியதாஸ் பெட்டியை அடித்துக் கழுவி, தென்னோலை பரப்பினார். மணம் போகவில்லை. ஏறினவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறினார்கள்.

நானாவின் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அயல் வீட்டுப் பிள்ளைகளையும் கிழவர்களையும் ஒவ்வொருவராகத் தூக்கிப் பெட்டியில் ஏற்றினார். ஏற்றும்போதே ஒவ்வொருவருக்கும் இடம் சொன்னார். நீங்க நடுவுல, நீங்க பின்னுக்கு, மூட்டைய முன்னுக்கு வைங்க. கடைசியாக ராத்தா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"நீங்க நில்லுங்க" என்றார் நானா அவரிடம். "போட் வருமாம்."

ராத்தா தண்ணீரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இஞ்சாருங்க. நீங்க செஞ்சதுல ஊரே ஏறி நிக்குது. நான் மட்டும் தண்ணிக்குள்ள நிக்கவா?"

பெட்டியில் நின்றவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சிலருக்குப் பழைய கதை தெரியும். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. ராத்தா கையை நீட்டினார். நானா அந்தக் கையைப் பிடிக்காமல் நெடுநேரம் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு குனிந்து அவரை இரண்டு கையாலும் தூக்கி, தளத்தில் நிறுத்தினார். நடுவில். குறுக்குச் சட்டம் நெருங்கி ஓடுகிற இடத்தில்.

"நீங்களும் ஏறுங்க நானா" என்று நான் கத்தினேன்.

"எடுங்க தம்பி. மெல்ல எடுங்க."

அவர் ஏறவில்லை. பெட்டிக்குப் பின்னால், தண்ணீருக்குள், கடைசிச் சட்டத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தண்ணீருக்குக் கீழே ரோட்டு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மதகடியில் இடது சில்லு பள்ளத்தில் இறங்கியது. பெட்டி ஒருபக்கம் சரிந்து முறுகியது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அலறினார்கள். அவ்வளவு பேருடைய பாரமும் ஒரு மூலைக்குப் போன அந்தக் கணத்தில் தளம் முனகியதை டிரக்டரில் இருந்த எனக்கே கேட்டது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் புதைந்துவிடும். முழு வலுவையும் கொடுத்தேன். சில்லு ஏறியது, பெட்டி நிமிர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். ராத்தா நடுவில் நின்றபடியே, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார். நானாவின் தலை பின்னால் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. பாடசாலை வாசல் வரை அப்படியே நடந்து வந்தார். எல்லாரும் இறங்கின பிறகு, "அடுத்த நடைக்கு ஆக்கள் இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எத்தனை நடை போனோமோ, அத்தனைக்கும் அவர் பின்னால் நடந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு ஊர் முழுக்கக் குப்பைமேடு. நனைந்த மெத்தைகள், பாய்கள், செத்த கோழிகள். பெட்டியைப் பார்த்துத் தரும்படி நானாவின் கடையில் விட்டிருந்தோம். காலையில் நானும் மரியதாஸும் எடுக்கப் போனோம். ராத்தா முற்றத்தில் தலையணைகளைப் பிய்த்துப் பஞ்சு காயவைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நானா, முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

மறுபடி கூப்பிட்டேன். கால்கள் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். சாக்கின் மேல் மல்லாந்து படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. மேலே, முகத்துக்கு ஒரு முழ உயரத்தில், தளம். பக்கத்தில் டோர்ச் எரிந்துகொண்டிருந்தது.

ராத்தா அருகில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எழுப்பாதீங்க தம்பி. அவரு பகல்ல தூங்கி நான் கண்டதில்ல. ராவுலயும் பெரிசாக் கண்டதில்ல."

என்னுடைய ஃபோன் அடித்தது. சபையிலிருந்து. சந்தைக் குப்பை நாறுகிறது, பெட்டி எங்கே என்று கேட்டார்கள். வேலை இன்னும் முடியவில்லை, கொஞ்சம் சுணங்கும் என்றேன். மரியதாஸ் முழங்காலில் நின்று, தன் பெரிய வயிற்றை இழுத்துக்கொண்டு அடியில் கையை விட்டு, டோர்ச்சை அணைத்தார். நான் போய் டிரக்டரின் எஞ்சினை நிறுத்தினேன்.